ஒட்டகம் ஏறிப்போன கொழுக்கட்டைப் புல்

இந்த எபிசோட்ல ஹீரோ ஒரு புல்லு.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனா தருவைகுளம். ஒரு பக்கம் கடல், படகுகள். இன்னொரு பக்கம் உப்பளம். இந்த மாதிரி வறண்ட மண்ணில், மழைக்குப் பிறகு பஞ்சு மாதிரி மெத்துனு கதிர் விடுற புல்தான் கொழுக்கட்டைப் புல். கதிர் முதல்ல லேசான ஊதா, காய்ஞ்சா வைக்கோல் நிறம். வீட்டு அலங்காரத்துக்குக் காசு கொடுத்து வாங்குற முயல்வால் புல்லுக்கு இது ஒண்ணும் குறைச்சலில்லை.

1771-ல் லின்னேயஸ் இதுக்கு வச்ச பேர் சென்க்ரஸ் சிலியாரிஸ். சிலியாரிஸ்னா இமைமுடி மாதிரி. விஷயமே அந்த முடியிலதான் இருக்கு. அதுக்குள்ள விதை உட்கார்ந்து காற்றில் பறக்கும், ஆட்டு ரோமத்தில் ஒட்டும்.

அப்படித்தான் ஆஸ்திரேலியாவுக்கும் போச்சு. 1860-லேயே மெல்போர்னில் 24 ஒட்டகங்கள் இறங்கின. அடுத்த சில பத்தாண்டுகளில் கராச்சியிலிருந்து இன்னும் நிறைய. சேணத்துக்குள் திணிச்சிருந்த காய்ந்த புல்லோட விதையும் போனதாகச் சொல்றாங்க. ஒட்டகம் ஓட்டினவங்க பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்துனு பல ஊர்க்காரங்க. அங்கே எல்லாருக்கும் ஒரே பேர், 'ஆப்கான்'. பாலைவனத்துக்குள் தந்திக் கம்பத்தையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோனது இவங்கதான். ஆனா 1903-ல் வந்த சட்டம் ஆசியாவில் பிறந்தவங்களுக்குக் குடியுரிமைக் கதவையே மூடிடுச்சு. புல்லுக்கு மட்டும் ராஜ மரியாதை: மாட்டுத் தீவனத்துக்கும் தூசியை அடக்கவும் தேடித்தேடி விதைச்சாங்க.

நம்ம ஊர்ல ஆடு மாடு மேய்ஞ்சே இதைக் கட்டுக்குள் வச்சிருக்கும். காங்கேயம் கொறங்காட்டில் இதுதான் முக்கியத் தீவனம். அங்கே? செடிக்கும் செடிக்கும் நடுவில் இருந்த வெறும் மண்ணை இது நிரப்பிடுச்சு. அந்த இடைவெளிதான் தீ பரவாமத் தடுத்துட்டிருந்தது. எரிஞ்சாலும் இந்தப் புல் வேரிலிருந்து திரும்ப முளைக்கும், மத்த பல செடிகள் அப்படி முளைக்காது. என் லேப்டாப்ல ஒழுங்கா ஓடுற புரோகிராம் சர்வரையே படுக்க வைக்கிற மாதிரிதான். உலுரு பக்கம் அனங்கு மக்கள் சாப்பிடுற காட்டுச் செடிகளுக்கும் இடமில்லாமப் போகுது. 2015-ல் தெற்கு ஆஸ்திரேலியா இதைக் களைனே அறிவிச்சது. அமெரிக்காவில் அரிசோனாவின் சகுவாரோ கள்ளிகளைக் காப்பாத்த, தன்னார்வலர்கள் இதைக் கையால் பிடுங்குறாங்க.

அரிசோனாவுக்குக் கீழே மெக்சிகோ. அங்கேயும் மாட்டுக்காக இதை ஏராளமா விதைச்சாங்க. அதே மெக்சிகோ பக்கத்து மரம் ஒண்ணு 1877-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் குளங்களையும் மேய்ச்சல் தரைகளையும் மூடி நிக்குது. பேரு உங்களுக்கே தெரியும், சீமைக்கருவேலம்.