பாளையத்தில் பிறந்த சண்டை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள மதில்கள் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கைமாறிவிடும். ஒரு கட்சிக்காரர் வந்து சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரோடு ‘புக்டு’ என்று எழுதிவிட்டுப் போவார். அதன்பிறகு அடுத்த கட்சிக்காரர் அந்த மதிலைத் தொடமாட்டார். வேட்பாளர் பெயர் தெரிந்ததும் அரிவாளோ கையோ தாமரையோ ஒரே இரவில் அங்கே முளைக்கும். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் எழுத்து தமிழாகும், சின்னங்கள் கொஞ்சம் மாறும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அரசியலும் சித்திரமும் ஒன்றாகச் சேருமிடம் இதுதான். பார்க்கக் காசு வேண்டாம், வாங்க ஆளும் வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனால் சித்திரமும் போய்விடும்.

இந்த மதில்களிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில், திருவனந்தபுரம் பாளையத்தில், நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. எழுபதுகளில் அங்கே மாணவர்கள் கிளப்பிய ஒரு தகராறுதான் பத்தாண்டு கழித்து பரோடாவில் ஒரு சங்கமாகப் பிறந்தது. ‘இந்திய ராடிக்கல் ஓவியர் சிற்பியர் சங்கம்’ என்று அதற்குப் பெயர். பிறந்தது 1987இல், முடிந்தது 1989இல். இந்தியக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஆனால் பெரும்பாலோர் அதை பரோடாவில் தொடங்கி எழுதுகிறார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம். கோபம் இங்கே பிறந்தது, அதற்கான வாசகம்தான் அங்கே எழுதப்பட்டது.

பாளையத்துக் கல்லூரி 1881இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் பெயரால் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. தந்தத்தில் செதுக்கவும் மரத்தில் இழைக்கவும் தெரிந்த கைகளை வளர்ப்பதே அன்றைய நோக்கம். திருவிதாங்கூர்த் தந்த வேலைக்கு அப்போதே லண்டன்வரை பெயர் இருந்தது. 1851இல் அங்கே நடந்த மாபெரும் கண்காட்சிக்கு இங்கிருந்து போன தந்த சிம்மாசனத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் அதிகம். ஆகவே பள்ளிக்கு ஒரு தெளிவு இருந்தது: அரண்மனைக்கும் வெள்ளைக்கார துரைக்கும் பிடித்த பொருளைப் பிசிறில்லாமல் செய்துதர ஆள் வேண்டும். தக்கலை, நாகர்கோவில் பையன்களுக்கும் அது ராஜ்யத்தின் சொந்தப் பள்ளிதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்றோடு களியக்காவிளைக்குத் தெற்கே சித்திரம் படிக்க ஆசைப்பட்ட பையன் சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு ரயிலேற வேண்டியதாயிற்று. பாறசாலைப் பையனுக்கு மட்டும் பாளையமே தொடர்ந்தது.

அதே திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா இந்தப் பள்ளியின் நோக்கத்துக்கு நேர் எதிரான ஒரு காரியத்தை, ஒருவேளை தெரியாமலே, செய்துவைத்திருந்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் அடித்து விற்றார். அரண்மனைச் சுவரில் தொங்கிய தேவி, எங்கள் பக்கத்து ஓட்டு வீட்டுத் திண்ணைக்கும் வந்தாள். சித்திரம் யார் கண்ணுக்கு என்ற கேள்வியை ரவி வர்மா வியாபாரமாக எழுப்பினார். பின்னால் வந்த பையன்கள் அதையே சண்டையாக எழுப்பினார்கள்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கு இந்த மாதிரிச் சண்டை புதிதல்ல. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரி அன்று, நாராயண குரு ஆற்றுக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்ய ஈழவருக்கு அதிகாரம் கிடையாது என்றிருந்த காலம் அது. ஒரு கல்லை எவன் தொடலாம், எங்கே வைக்கலாம், யார் முன்னால் வந்து நின்று பார்க்கலாம் என்பதெல்லாம் அரசியல் என்று கேரளம் கற்றுக்கொண்ட இடங்களில் அது முக்கியமானது. சிற்பிகள் சிலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. நான் அந்தக் கல்லைக் கேரளச் சிற்ப வரலாற்றிலும் சேர்ப்பேன்.

1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர் ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி தொடங்கிய ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு 1906 முதல் ஆசிரியர். திவானைப் பற்றி எழுதிய எழுத்துக்காக 1910 செப்டம்பர் 26ஆம் தேதி அச்சகம் பறிமுதலாயிற்று. அவரைப் போலீஸ் ராஜ்யத்தின் தெற்கு எல்லைவரை கொண்டுபோய்த் திருநெல்வேலிப் பக்கம் தள்ளிவிட்டது. அதாவது எங்கள் சாலை வழியாகத்தான் அவரை நாடு கடத்தினார்கள். 1912இல் அவர் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை எழுதினார். ருஷ்யப் புரட்சிக்கு ஐந்து வருஷம் முன்பு! 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி இதே நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் செத்த ராகவனை இன்றும் வீரராகவன் என்றுதான் சொல்கிறார்கள். இந்த வழியாகப் பாளையத்துக்குப் பேருந்தேறிய எவனும் வெறும் பென்சிலோடு மட்டும் போயிருக்க முடியாது.

1975இல் பள்ளிக்குக் கல்லூரி என்று பெயர் மாறியது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் பாடம் மாறவில்லை. அந்த வருஷம் ஜூனில் நெருக்கடி நிலையும் வந்தது. அடுத்த மார்ச்சில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் அவன் செத்ததை வெளியே கொண்டுவர அவனுடைய அப்பா ஈச்சர வாரியர் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 1977இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியது அந்த வழக்கினால்தான். அன்று கேரளத்தில் இருபது வயதாயிருந்த எவனுக்கும் ராஜன் ஒரு பெயராக மட்டும் இருந்திருக்க வழியில்லை.

பாளையத்து மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இந்தக் காற்றில்தான். பாடத்திட்டத்தை மாற்று, தகுந்த ஆசிரியரைக் கொண்டுவா, ஒழுங்கான பட்டம் கொடு என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பாடத்திட்டத்தை மாற்று என்று சொல்லத் தொடங்கினால், யாருக்காக இந்தக் கையைப் பழக்குகிறீர்கள் என்று கேட்காமல் முடிக்க முடியாது. 1881இல் அந்தக் கேள்விக்குப் பள்ளியிடம் பதில் இருந்தது. மகாராஜா போய்விட்ட பிறகு பதில் காலியாகக் கிடந்தது. மாணவர்கள் அந்தக் காலி இடத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். மலம்புழை யக்ஷியைச் செய்த கானாயி குஞ்ஞிராமன் எழுபதுகளில் சிற்ப ஆசிரியராக வந்தது கல்லூரிக்குப் புதுக்காற்று. ஆனால் மாணவர்களின் சண்டை ஒரு நல்ல ஆசிரியரால் தீர்ந்துபோகிற அளவில் நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் கே.பி. கிருஷ்ணகுமார். 1958இல் குற்றிப்புறத்தில் பிறந்தவர். சிற்பம் அவருக்குப் பாடம், ஓவியமும் வரைவார். இங்கே முடித்து எண்பதுகளில் சாந்திநிகேதனுக்குப் போனார். சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1980இல் இறந்துபோயிருந்தார், ஆனால் அவர் அங்கே செய்தவை வெயிலில் நின்றன. வெண்கலமும் சலவைக்கல்லும் வாங்கக் காசில்லாத ராம்கிங்கர் சிமெண்டும் செம்புராங்கல் சல்லியும் கலந்து 1938இல் ஒரு சந்தால் குடும்பத்தை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்திவைத்திருக்கிறார். அன்று அதற்குக் கூரை இல்லை, டிக்கெட் இல்லை, வழியோடு போகிறவன் பார்த்தான். கிருஷ்ணகுமாருக்கு அது நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும். அவரும் பிளாஸ்டர், ஃபைபர் கிளாஸ் என்று மலிவானதையே எடுத்தார். அதன்மேல் அப்பட்டமாக வண்ணம் பூசினார். கை கால்களை நாடக மேடைபோல் மிகைப்படுத்தினார். அழகுக்கு அஞ்சாத உருவங்கள். அவற்றில் ஒன்றுக்கு ‘வாஸ்கோ ட காமா’ என்று பெயர். கோழிக்கோட்டுக் கரையில் 1498இல் இறங்கியவனை ஒரு மலையாளி ஃபைபர் கிளாஸில் கொண்டுவந்து நிறுத்தினால் அது வரலாற்றுப் பாடமாக மட்டும் இருக்காது என்பது சொல்லாமலே விளங்கும்.

பாளையத்தில் படித்த மற்றவர்கள் பலர் பரோடாவுக்குப் போனார்கள். அலெக்ஸ் மாத்யூ, என்.என். ரிம்சோன், ஜோதி பாசு, மதுசூதனன் என்று ஒரு வரிசை. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை அப்போது நாட்டிலேயே பெரிய பெயர். 1981இல் ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்ற கண்காட்சி வழியாகக் குலாம் முகம்மது ஷேக், பூபேன் கக்கர், விவான் சுந்தரம் போன்றவர்கள் மனிதர்களையும் தெருக்களையும் கதைகளையும் சித்திரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். 1985இல் டில்லியில் ‘ஏழு இளம் சிற்பிகள்’ கண்காட்சியை விவான் சுந்தரமே முன்னின்று நடத்தினார். கிருஷ்ணகுமாரும் அலெக்ஸ் மாத்யூவும் ரிம்சோனும் அந்த ஏழில் இருந்தார்கள். கைகொடுத்துத் தூக்கியவர்களையே இரண்டு வருஷத்தில் இந்தப் பையன்களில் சிலர் கேள்வி கேட்டார்கள். நன்றிகெட்டதனம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர்களுக்கு இடம் கொடுத்த சித்திரங்களும் கடைசியில் ஒரு கேலரிச் சுவரில் தொங்கி ஒரு பணக்காரர் வீட்டுக்குப் போகின்றன என்பதை யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லித்தானே ஆகவேண்டும்?

1987 மார்ச்சில் பரோடா நுண்கலைத் துறையில் இவர்களுடைய ‘கேள்விகளும் உரையாடலும்’ கண்காட்சி நடந்தது. அதற்கான அறிக்கையை எழுதியவர் அனிதா தூபே. லக்னோவில் பிறந்தவர், டில்லியில் வரலாறும் பரோடாவில் கலை விமர்சனமும் படித்தவர், மலையாளிக் கூட்டத்தில் வெளியாள். கலை சரக்காகிவிட்டது, அந்தச் சந்தைக்கு நல்ல எண்ணம் கொண்ட ஓவியரும் ஒத்தாசை செய்கிறார் என்பது அறிக்கையின் குற்றச்சாட்டு. பாளையத்தில் கோஷமாக இருந்தது இங்கே வாதமாயிற்று. அந்த வருஷமே கிருஷ்ணகுமாரும் சேர்ந்த சங்கம் அமைந்தது.

இதே வருஷங்களில் கோழிக்கோட்டில் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாம் வேறொரு வழியில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். 1984இல் ‘ஒடேசா’ என்ற கூட்டம் அமைத்து, ஊர் ஊராகச் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் சில்லறை வாங்கி, அந்தக் காசிலேயே 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். தயாரிப்பாளர் ஜனங்கள். படச்சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் பேருந்தேறலாம். ஆளுயர பிளாஸ்டர் சிற்பத்தை அப்படித் தூக்க முடியாது. வழியில் கை உடையும். அதை நிறுத்திவைக்க ஒரு கூடம் வேண்டும், கூடத்துக்கு வாடகை வேண்டும், வாடகை கொடுப்பவன் கடைசியில் வாங்குபவனாகிறான். ராடிக்கல்கள் சந்தையைத் திட்டியதில் நியாயம் இருந்தது. சந்தைக்கு வெளியே ஒரு மேடை கட்டிக்கொள்ள அவர்களுக்கு நேரமும் காசும் போதவில்லை. அவர்களுடைய தோல்வி என்று ஒன்றைச் சொன்னால் அது இதுதான் என்பேன், தீவிரம் அதிகமானது என்று சொல்லமாட்டேன்.

1989இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா தன் நூற்றைம்பது வருஷத்தைக் கொண்டாட, சதபீஸ் ஏல நிறுவனத்தோடு சேர்ந்து பம்பாயில் இந்திய ஓவியங்களை ஏலம் விட்டது. சங்கம் எதிர்த்துத் துண்டறிக்கை விட்டது. இந்திய ஓவியத்துக்கு லட்சமும் கோடியுமாய் விலை சொல்லப்போகும் காலத்தின் வாசற்படி அது. தடுக்க வந்தவர்களின் கையில் சில தாள்கள். ஆனால் என்ன வரப்போகிறது என்பதை அவ்வளவு சரியாக அன்று வேறு யார் கணித்தார்கள்?

அதே வருஷம் கோழிக்கோட்டில் ஒரு கண்காட்சி. கேரளத்து ஜனங்கள் முன்னால் தங்கள் வேலையைக் கொண்டுவந்து காட்டச் சங்கத்தார் எடுத்த பெரிய முயற்சி. வருஷக் கடைசியில் திருச்சூர்ப் பக்கம் ஒரு முகாம் போட்டார்கள். உள்ளுக்குள் கருத்து வேறுபாடுகள் முற்றியிருந்தன. 1989 டிசம்பரில் கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், முப்பத்தொரு வயதில். சங்கமும் அதோடு நின்றது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த முடிவிலிருந்து பின்னோக்கி எல்லாவற்றையும் படிக்கிறார்கள். அவருடைய சிற்பங்கள் எல்லாம் சாவுக்கு எழுதிய முன்னுரைபோல் ஆகிவிடுகின்றன. பாளையத்து வேலைநிறுத்தம் நடந்தபோது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது, கேட்டது பாடத்திட்டம். அங்கிருந்து படிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

மற்றவர்கள் பிழைத்தார்கள், சிலர் நன்றாகவே. செய்தித்தாளிலும் வார இதழிலும் வெட்டியெடுத்த துண்டுகளை ஒட்டி சி.கே. ராஜன் தொண்ணூறுகளில் செய்த சிறு படங்கள் 2007இல் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சி வரை போயின. காசு கேட்காத பொருளில் வேலை செய்வது என்ற பிடிவாதம் அந்த வெட்டுத் துண்டுகளில் மிச்சமிருக்கிறது. மதுசூதனன் கரித்துண்டால் வரைந்த மார்க்ஸ் வரிசை 2014இல் கொச்சி பினாலேயில் வைக்கப்பட்டு, அடுத்த வருஷம் வெனிஸ் பினாலேவுக்குப் போனது. கிருஷ்ணகுமாரின் சிற்பங்கள் 2012இல் கொச்சியின் முதல் பினாலேயில் வந்து நின்றன. அனிதா தூபே பிறகு தானே சிற்பம் செய்யத் தொடங்கி, 2018இல் அதே பினாலேவுக்குப் பொறுப்பாளரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். சந்தையைத் திட்டிய அறிக்கையை எழுதிய கை நாட்டின் மிகப் பெரிய கலைக்கூடலை வடிவமைத்ததில் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வருவதில்லை. அரண்மனைப் பள்ளியில் பிறந்த கேள்வி அரண்மனைக்கு வெளியே எங்கே போய்த் தங்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

பாறசாலை, அமரவிளைப் பையன்களும் பெண்களும் இப்போதும் பாளையத்துக்குப் போகிறார்கள். 1979இல் ரயில் வந்தபிறகு போய்வருவது லேசு. ஓவியம், சிற்பம், அப்ளைடு ஆர்ட் என்று மூன்று பிரிவு. வீட்டில் மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைக்கும், கம்ப்யூட்டரில் வரையலாம், சம்பளம் வரும் என்பார்கள். அதில் தப்பில்லை. 1881இல் மகாராஜா சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.