வினாத்தாளுக்கு வெளியே ஒரு கிராமம்: சென்னையில் எம்.ஏ. பொருளாதாரப் படிப்பின் நூறாண்டு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் வளர்ந்த கதையைப் பேராசிரியர்களின் பெயர்வரிசையாகச் சொல்லிவிடலாம். கில்பர்ட் ஸ்லேட்டர், ஜான் மத்தாய், பி.ஜே. தாமஸ் என்று தொடங்கும் அந்த வரிசை கௌரவமானதுதான். ஆனால் எம்.ஏ. படிக்க வந்த மாணவர் எதைப் படித்தார், எதற்கு மதிப்பெண் வாங்கினார், எதைத் தன் விருப்பத்தின்பேரில் செய்தார் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. சென்னைப் பொருளாதாரத் துறைக்குப் பெயர் வாங்கித் தந்தது கிராமக் கள ஆய்வு. அந்தக் கள ஆய்வு முதுகலைத் தேர்வுமுறையின் மையத்துக்கு ஒருபோதும் வரவில்லை. பின்னாளில் அது பல்கலைக்கழகத்தை விட்டு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்ததற்கு வேர்க்காரணம் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. அது பாடம் நடத்தவில்லை. பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது. கற்பித்தலை மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி போன்றவை பார்த்துக்கொண்டன. பொருளாதாரம் அன்று தனிப் பாடமாக நிலைபெறவில்லை. வரலாறு படிப்பவர் அதனுடன் சேர்த்துப் படிக்கும் ஒரு பகுதியாக இருந்தது. இங்கிலாந்தின் தொழிற்சாலைகளையும் தானியச் சட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல்களைத் தஞ்சாவூர் மிராசுதாரின் மகன் மனப்பாடம் செய்துவந்தான். 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம்தான், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கவும் ஆராயவும் வழிசெய்தது. அதன் பலன் சென்னைக்கு வந்துசேரப் பத்தாண்டு பிடித்தது. 1914இல் இந்திய வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, இந்தியப் பொருளாதாரத்துக்கு ஸ்லேட்டர் வந்தார்.

ஸ்லேட்டர் வழக்கமான கல்வியாளர் அல்லர். லண்டனின் வூலிச் பகுதிக்கு மேயராக இருந்தவர். தொழிலாளர்கள் படிப்பதற்காக ஆக்ஸ்போர்டில் உருவான ரஸ்கின் கல்லூரிக்கு 1909 முதல் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர். அப்படிப்பட்டவர் சென்னைக்கு வந்ததும் கிராமத்தைத் தேடியதில் வியப்பில்லை. நகரங்களுக்கு முந்தியது கிராமம், தொழில்மயமான நாட்டில்கூட நகரத்துக்குச் சோறும் ஆளும் அனுப்புகிற இடம் அது, அதை அறியாமல் பொருளாதாரம் படிக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, யாரிடம் எத்தனை மாடு, கூலி நெல்லாகவா காசாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன, ஊரைவிட்டு யார் எங்கே போனார்கள் என்று கேள்விகள் போயின. 1916இல் தொடங்கிய இந்தப் பணி 1918இல் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வு வரிசையின் முதல் தொகுதியாக, தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியானது. தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசி, தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் ஆகியவை தமிழ்ப்பகுதிக் கிராமங்களில் பின்னாளில் பெயர்பெற்றவை. படியாள் என்ற சொல் பல்கலைக்கழக வெளியீடு ஒன்றில் பொருளாதார வகையாக ஏறியது இந்த நூலில்தான் என்று நினைக்கிறேன். கடனுக்காக ஒரு பண்ணையாரிடம் கட்டுண்டு, பரம்பரையாக உழைக்கும் ஆளைக் கூலி என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்க முடியாது என்பதை மாணவர்களின் விவரங்களே காட்டின.

இந்த நூலைப் புகழ்வது எளிது. அதைச் செய்தவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, கல்வியிலும் அரசுப் பணியிலும் ஒரு சமூகத்தாரின் பங்கு எவ்வளவு மிகுந்திருந்தது என்பதை எண்களோடு பேசியது. கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள, எழுதப்படிக்கத் தெரிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்கள் ஊரைத் தாங்களே ஆராய்ந்தார்கள். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படியாளின் வருமானத்தைக் குறித்துக்கொள்வதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு மறைவும் உண்டு. நிலக்கணக்கு துல்லியமாக இருக்கும். சேரியின் சாப்பாட்டுக் கணக்கு ஊர் சொன்னதாக இருக்கும். ஸ்லேட்டர் சில கிராமங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார் என்றாலும், இந்த மறைவு அவர் நூலில் முழுவதும் நீங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. அவர் தொடங்கிவைத்தது ஒரு முறை. அதன் குறைகளைத் திருத்திக்கொள்ளத் தொடர்ந்து செய்யும் மாணவர் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் ஏன் உருவாகவில்லை?

விடை பட்ட அமைப்பில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னையில் எம்.ஏ.வுக்குப் போகும் பெருவழி ஆனர்ஸ். இன்டர்மீடியட் முடித்தவர் மூன்றாண்டு பி.ஏ. ஆனர்ஸ் படித்துத் தேறினால், சில காலம் கழித்து மேற்கொண்டு தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே முதுகலை என்பதே நடைமுறையில் ஆனர்ஸ் தேர்வுதான். அந்தத் தேர்வு பல தாள்களை அடுத்தடுத்த நாட்களில் எழுதும் பெரும் சோதனை. முதல் வகுப்பு வாங்கினால் அரசுப் பணியோ கல்லூரி வேலையோ நிச்சயம் என்ற நிலையில், நெல் அளவையைக் கணக்கெடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? ஆராய்ச்சி செய்ய விரும்புபவருக்கு எம்.லிட். என்று தனிப் பட்டம் வந்தது. ஆய்வு அங்கே, தேர்வு இங்கே என்று அப்போதே பாதை பிரிந்துவிட்டது. ஸ்லேட்டரின் வினாப்பட்டியல் ஆர்வலர்களின் விடுமுறை வேலையாக நின்றுபோனது. இதை அவருடைய தோல்வியாகச் சொல்வது நியாயமல்ல. தேர்வு எழுதும் மாணவர்கள் கல்லூரிகளில் இருந்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரின் பிடி அவர்கள்மேல் தளர்வாகவே இருந்தது.

ஸ்லேட்டர் 1921 வரை பதவியில் இருந்தார். அடுத்து வந்த ஜான் மத்தாய், லண்டனில் படித்துப் பிரிட்டிஷ் இந்தியாவின் கிராம நிருவாகத்தைப் பற்றி 1915இல் நூல் எழுதியவர். பின்னாளில் நேரு அமைச்சரவையில் நிதியமைச்சரானவர். சில ஆண்டுகளே இங்கிருந்தார். 1927இல் பொறுப்பேற்ற பி.ஜே. தாமஸ்தான் துறையை நிலைநிறுத்தியவர். கிழக்கிந்திய வாணிகம் இங்கிலாந்தின் வணிகக் கொள்கையை எப்படி உலுக்கியது என்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தவர் அவர். 1930களில் உலக மந்தம் தென்னிந்திய உழவரை நெருக்கியபோது, ஸ்லேட்டரின் கிராமங்களை மீண்டும் ஆராயலாம் என்ற யோசனை எழுந்தது. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு நூல் 1940இல் வெளியானது. ஒரே கிராமங்களை இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்த்த ஆவணம் அன்றைய இந்தியாவில் அரிது. அந்தத் துறையிலேயே ஆசிரியராக இருந்த பி.எஸ். லோகநாதன், ஆசியாவுக்கும் தூரக்கிழக்குக்குமான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் முதல் நிருவாகச் செயலாளராக 1947இல் போனார். தாமஸ் 1942இல் இந்திய அரசின் பொருளாதார ஆலோசகராகத் தில்லிக்குச் சென்றார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பி.வி. நாராயணசாமி நாயுடு, சென்னை மாகாணக் கிராமக் கடன் பற்றிய அறிக்கையை அரசுக்காக 1946இல் தயாரித்தார். கவனித்தால், கள அறிவு உள்ளவர்களை அரசு அழைத்துக்கொண்டே இருந்தது. வகுப்பறை அவர்களை இழந்துகொண்டே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு படிப்பின் திசை மாறியது. 1949இல் வி.கே.ஆர்.வி. ராவ் தில்லிப் பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கினார், எம்.ஏ. வகுப்பே அதன் உயிர்நாடியாக இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் காலத்தில் மாதிரிகளும் சமன்பாடுகளும் மதிப்புப் பெற்றன. சென்னையும் அதைப் பின்தொடர்ந்தது, கொஞ்சம் தாமதமாக, கணிதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. 1950களின் பிற்பகுதியில் ஆனர்ஸ் முறை விலகி, மூன்றாண்டு பி.ஏ.வும் இரண்டாண்டு எம்.ஏ.வும் என்ற ஏற்பாடு வந்தது. எம்.ஏ. முதன்முறையாகத் தன்னளவில் ஒரு படிப்பாக நின்றது. கள ஆய்வை உள்ளே கொண்டுவர இதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. ஆனால் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பன்னாட்டு வாணிகம், பொதுநிதி, இந்தியப் பொருளாதாரம் என்று தாள்களாகவே அது வகுக்கப்பட்டது. ருத்தர் தத், கே.பி.எம். சுந்தரம் இருவரும் எழுதி 1965இல் வெளிவந்த இந்தியப் பொருளாதார நூல் இந்தியா முழுவதும் மாணவர் மேசைக்கு வந்தபின், இந்தியப் பொருளாதாரம் என்றாலே புள்ளிவிவர அட்டவணை என்றாகிவிட்டது.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் நடந்த வேறு இரண்டு மாற்றங்கள், பாடத்திட்டக் குழுக்களின் எந்த முடிவையும்விட எம்.ஏ. பொருளாதாரத்தின் முகத்தை மாற்றின. முதலாவது, தமிழ்வழிக் கல்வி. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். 1970களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பொருளாதார நூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. தேவை, அளிப்பு, இறுதிநிலைப் பயன்பாடு, நெகிழ்ச்சி என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்து, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கையில் தேர்வுமொழியாயின. திண்ணைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊரைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் இப்போதுதான் வகுப்பறைக்கு வந்தார்கள். ஸ்லேட்டரின் வினாப்பட்டியலுக்கு அவர்கள் எழுதியிருக்கக்கூடிய பதில் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். அவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது மாற்றம் 1978இல் வந்த மேல்நிலைக் கல்வி. புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கி, பிளஸ் டூ ஆனது. பொருளாதாரம் பள்ளிப் பாடமானதும் அதை நடத்த முதுகலை ஆசிரியர்கள் வேண்டியிருந்தார்கள். எம்.ஏ. எகனாமிக்ஸ் என்பது பதவி உயர்வுக்கான படிப்பாயிற்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தன. பட்டதாரி ஆசிரியர்கள், எழுத்தர்கள், திருமணமானபின் படிப்பைத் தொடர விரும்பிய பெண்கள் என்று பலர் இதன்வழி எம்.ஏ. முடித்தார்கள். தபாலில் பாடப்புத்தகம் வரும். மார்கம் பதிப்பகத்தின் எஸ். சங்கரன் நூல்களையோ ஜிங்கனின் நூல்களையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களைச் சேகரித்து, தேர்வுக்கு முன் சில வாரம் தீவிரமாகப் படிப்பார்கள். இதை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் பல்கலைக்கழக வளாகங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையையும் வீட்டையும் சுமந்துகொண்டு, இரவில் சமநோக்கு வளைகோட்டைப் புரிந்துகொள்ள முயன்றவர்களின் உழைப்பு குறைந்ததல்ல. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அஞ்சலில் கள ஆய்வை அனுப்ப முடியாது. எம்.ஏ. முற்றிலும் தேர்வுத்தாளாக உறைந்துபோக அஞ்சல்வழி உதவியது.

கள ஆய்வு அப்படியானால் எங்கே போனது? சென்னை அடையாறு காந்தி நகருக்குப் போனது. கிறித்தவக் கல்லூரியில் 1940களில் பொருளாதாரம் கற்பித்து, பிறகு யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்துத் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா, மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971இல் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். அவரே 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் காலத்துச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாக 1978இல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்று, பாடத்திட்டத்தைத் தாமே எழுதும் உரிமையை அடைந்தன. கிறித்தவக் கல்லூரிப் பொருளாதார ஆசிரியர் சி.டி. குரியன் நிறுவனத்துக்கு இயக்குநராக வந்து, தமிழ்நாட்டின் கிராம மாற்றத்தைப் பற்றிய தம் நூலை 1981இல் வெளியிட்டார். முன்னாள் நிதித்துறைச் செயலர் எஸ். குஹன் முன்னின்று, 1980களின் முற்பகுதியில் ஸ்லேட்டரின் கிராமங்களை நிறுவனம் மறுபடி ஆராய்ந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகியவை மீண்டும் அறிக்கைகளாயின. அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் படியாள் முறை மறைந்ததையும், நிலவுடைமையின் பிடி எங்கே தளர்ந்தது, எங்கே வேறு உருவில் தொடர்ந்தது என்பதையும் அவற்றில் காணலாம். ஆனால் அந்த நிறுவனம் முனைவர் பட்ட மாணவர்களுக்கானது, எம்.ஏ. வகுப்பு அங்கே கிடையாது. 1993இல் ராஜா செல்லையா தொடங்கிய சென்னைப் பொருளாதாரப் பள்ளி முதுகலை வகுப்பைப் பின்னர் ஏற்றது. அதன் சாய்வு அளவைப் பொருளியல் பக்கம்; வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் அதைத் தேடிவந்தன.

கல்லூரிகளில் எம்.ஏ.வின் நான்காம் பருவத்தில் புராஜெக்ட் என்று ஒன்று இன்று இருக்கிறது. மாணவர் தம் ஊரில் ஐம்பது, அறுபது வீடுகளுக்கு வினாப்பட்டியலுடன் போய், சுய உதவிக் குழுக் கடன் அல்லது நூறு நாள் வேலை பற்றிக் கேட்டு, சதவீத அட்டவணைகளாக்கி, ஸ்பைரல் பைண்டிங் செய்து வைவாவுக்குக் கொண்டுவருகிறார். ஸ்லேட்டர் கேட்டதும் ஏறக்குறைய இதையேதான். வேறுபாடு இரண்டு. 1918இல் அவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டு அச்சேறின. இன்று பெரும்பாலும் துறை அலமாரியோடு சரி. அன்றைய கேள்விகள் ஒரே வரிசையில் இருந்ததால் ஊருக்கு ஊர் ஒப்பிட முடிந்தது; இன்று ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனித் தலைப்பு.

ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் இருவேல்பட்டுக்கு மீண்டும் போய், 1916 முதலான தொண்ணூறு ஆண்டுக் கதையை 2010இல் ஆங்கிலக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இவ்வளவு நீண்ட தொடர்ச்சியுள்ள ஆவணம் இந்தியக் கிராமங்களில் மிகச் சிலவற்றுக்கே உண்டு. அதன் முதல் ஏட்டை எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கும் அந்த ஊர், எம்.ஏ. பாடத்திட்டத்தில் பெயரளவுக்காவது இடம்பெறலாம். அதற்கு ஒரு தாளும் இரண்டு வார விடுப்பும் போதும்.