மாட்டுப்பட்டித் தண்டவாளமும் டயரின் மேற்பட்டையும்

1902ஆம் ஆண்டு மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை, குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. சுமையின் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்கியது. பக்கவாட்டில் பொருத்தப்பட்ட சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் காத்தது. அதே ஆண்டில், மலைக்குக் கீழே பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. அந்த ரப்பர் பின்னாளில் மலைப்போக்குவரத்தையே மாற்றும் என்பதற்கு அப்போது எந்த அறிகுறியும் இல்லை.

அன்றைய மோட்டார் வண்டி டயர்கள் பெரும்பாலும் வழவழப்பானவை. உலர்ந்த சாலையில் அதனால் குறையில்லை. ஈரச் சாலையிலோ ரப்பருக்கும் தரைக்கும் இடையே நீர்ப்படலம் அகப்பட்டு வண்டி வழுக்கியது. ஜெர்மனியின் ஹனோவர் நகரைச் சேர்ந்த காண்டினென்டல் நிறுவனம் 1904இல் வரிப்பள்ளங்கள் கொண்ட மோட்டார் டயரை வெளியிட்டது. 1908இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், ‘வழுக்காதது’ என்னும் பொருள்படும் ஆங்கில எழுத்துகளையே டயரின் மேற்பட்டையில் சாய்வாக வார்த்தது. எழுத்தின் விளிம்புகள் தரையைப் பற்றின. அதுவே விளம்பரமும் ஆயிற்று. 1910களில் ரப்பரோடு கரித்தூள் சேர்க்கும் முறை பரவியதும் மேற்பட்டையின் ஆயுள் பன்மடங்கு கூடியது. வெளிறிய டயர் கறுப்பானதும் அப்போதுதான்.

மேற்பட்டையின் வரலாறு பெரும்பாலும் இந்த ஆலைகளோடும் காப்புரிமைகளோடும் முடிந்துவிடுகிறது. மலைச்சாலையிலிருந்து பார்த்தால் அதன் பிற்பாதி புலப்படும்.

1908இல் குண்டளை ஒற்றைத் தண்டவாளம் இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. 1924 சூலை வெள்ளம் அதை அழித்தது. தட்டேக்காடு வழியே மலையேறிய பழைய ஆலுவா–மூணாறு சாலையையும் சிதைத்தது. இருப்புப்பாதை மீண்டும் போடப்படவில்லை. சாலை மட்டும் வேறு வழியில் எழுந்தது. 1935இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. இனி மலையின் செங்குத்தையும் பருவமழையையும் டயரே எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. ஏற்றத்தில் பின்சக்கரம் மண்ணைக் கவ்வ வேண்டும்; இறக்கத்தில் பிரேக் மேற்பட்டையைத் தேய்க்கும்; வளைவுகளில் அதன் ஓரங்கள் அரையும். ஆகவேதான் கனரக வண்டிகளில் திருப்பத்துக்கு உதவும் நெடுவரிகள் முன்சக்கரத்துக்கும், பிடிமானம் தரும் குறுக்குக் கட்டைகள் பின்சக்கரத்துக்கும் உரியவையாயின.

இரண்டாம் உலகப்போரில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமானபோது, உலகின் இயற்கை ரப்பர் வரத்தில் பெரும்பகுதி நின்றது. மொட்டை டயரைத் தூக்கி எறிய இயலாத காலம் அது. 1912இல் மதுரையில் பேருந்துச் சேவை தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார், டயர்களுக்கு மறு மேற்பட்டை இடும் ஆலையையும் நிறுவினார். தேய்ந்த பரப்பைச் சுரண்டி, புது ரப்பர்ப் பட்டையை ஒட்டி, அச்சில் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுப்பதே இம்முறை. டயர் எந்த ஆலையில் பிறந்திருந்தாலும், அதன் புதிய வரிகளை முடிவு செய்தது பட்டறையின் அச்சுதான்.

இப்பட்டறைகளுக்கான ரப்பர் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952இல் மேற்பட்டை ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். 1956க்குள் எம்.ஆர்.எஃப். இந்தியச் சந்தையில் பாதியைப் பிடித்தது. அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு அது முழு டயர் உற்பத்திக்கு வந்தது 1961இல்தான்.

இந்த வரிசைமுறை கவனத்துக்குரியது. மேலைநாடுகளில் முதலில் டயர், பிறகு மேற்பட்டையின் வரிகள். எம்.ஆர்.எஃப். வரலாற்றிலோ முதலில் மேற்பட்டை, பிறகு டயர். தேய்ந்ததைப் புதுப்பித்த தொழிலே புதியதை ஆக்கும் தொழிலுக்கு வழிவிட்டது. கண்டுபிடிப்பை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் தொழில்நுட்ப வரலாற்றில் இப்பட்டறைகளுக்கு இடமிராது. பயன்பாட்டையும் பழுதுபார்ப்பையும் சேர்த்தே எழுதினால், அவற்றின் அச்சுகளும் கணக்கேடுகளும் காப்புரிமைப் பத்திரங்களுக்கு இணையான சான்றுகளாகும்.