வீதி முற்றமானபோது: நெதர்லாந்தில் குடியிருப்புத் தெருக்களின் வேக வரம்பு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெதர்லாந்தில் மக்களின் வருமானம் உயர உயரக் கார்களும் பெருகின. நடையும் மிதிவண்டியுமாக இயங்கிவந்த பழைய நகரங்களில் கால்வாய்கள் தூர்க்கப்பட்டும் வீடுகள் இடிக்கப்பட்டும் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. ஊர் எல்லைக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் என்ற வரம்பு சட்டத்தில் இருந்தபோதிலும், வாகனங்கள் ஊரைக் கடந்துபோகும் சாலைக்கும் குழந்தைகள் பந்து விளையாடும் சந்துக்கும் அது வேறுபாடு காட்டவில்லை. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர்.

அவ்வாறு தம் மகளை இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972-இல் ‘டே டெய்ட்’ நாளிதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்னும் இயக்கத்தின் பெயராயிற்று. விபத்து என்ற சொல் மறைத்துவைத்ததைக் கொலை என்ற சொல் வெளிப்படுத்தியதால், அந்தப் பெயர்த் தேர்வு மிகச் சரியானதே. மார்ட்யே வான் புட்டன் என்ற இளம்பெண்ணின் தலைமையில் இயங்கியவர்கள் தெருக்களை வாகனங்களுக்கு அடைத்துக் குழந்தைகளை விளையாட விட்டனர். வீட்டு மேசைகளை நடுத்தெருவில் போட்டு அக்கம்பக்கத்தாரோடு விருந்துண்டனர். பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டுக்கு மிதிவண்டிகளில் சென்று பாடி முறையிட, அவரும் வெளியே வந்து கேட்டார்.

இந்தக் கோரிக்கைக்கு உருவம் கொடுக்கும் வேலை டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியிலேயே தொடங்கியிருந்தது. நகரமைப்புப் பேராசிரியர் நீக் டே பூர் உருவாக்கிய கருத்து ‘வூன்எர்ஃப்’ எனப்பட்டது: ‘வூன்’ என்பது வசிப்பதையும் ‘எர்ஃப்’ என்பது வீட்டைச் சேர்ந்த மனையையும் குறிப்பதால், இதைக் குடியிருப்பு முற்றம் எனலாம். யோஸ்ட் வால் போன்ற நகராட்சிப் பொறியாளர்கள் நடைபாதையைச் சாலையிலிருந்து பிரித்த ஓரக்கற்களை அகற்றித் தெரு முழுவதையும் ஒரே மட்டத்தில் கல் பாவினர். நேராக ஓடிய பாதையை மரங்களாலும் இருக்கைகளாலும் மாறி மாறி அமைத்த வண்டி நிறுத்துமிடங்களாலும் வளைத்தனர். அங்கு நுழையும் ஓட்டுநருக்கு அடுத்த வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாததால், எவரும் சொல்லாமலே அவர் கால் பிரேக்குக்குப் போனது.

1976-இல் இந்த முற்றங்கள் சட்டத் தகுதி பெற்றன. தெருவின் முழு அகலமும் நடப்போருக்கு உரியது, குழந்தைகள் அங்கு விளையாடலாம், வாகனங்கள் நடை வேகத்திலேயே செல்ல வேண்டும், நடப்போரும் வாகனங்களைத் தேவையின்றி மறிக்கக் கூடாது என அச்சட்டம் வகுத்தது.

வேகக் குறைப்பு ஏன் உயிர்காக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டும். ஏறத்தாழ 14 மீட்டர் முன்னே ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் இறங்குவதாகவும், அதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆவதாகவும் கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் அந்த நொடியில் 8 மீட்டருக்குச் சற்று கூடுதலாக ஓடி, காய்ந்த சாலையில் மேலும் 5 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த காரோ அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டரையும் கடந்து, வேகம் சிறிதும் குறையாமல் குழந்தையை மோதும்.

ஆயினும் ஒவ்வொரு தெருவையும் பெயர்த்துப் புதிதாக அமைக்கப் பெருஞ்செலவு ஆயிற்று. ஆகவே 1980-களில், ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதற்கும் 30 கிலோமீட்டர் வரம்பு விதித்து, நுழைவாயில்களிலும் சந்திப்புகளிலும் வேகத்தடைகள் அமைக்கும் மலிவான முறை பரவியது. ஜெர்மனியின் புக்ஸ்டஹூடு நகரம் 1983-இல் அத்தகைய மண்டலத்தை அமைத்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் 1992-இல் முதன்மைச் சாலைகள் நீங்கலாக நகர் முழுவதற்கும் அதை விரித்தது.

செலவைக் குறைத்த இம்முறை ஒரு பலவீனத்தையும் உடன் கொண்டுவந்தது. அகன்று நேராக நீளும் தெருவில் 30 என்ற பலகையை நட்டால், கண்ணுக்குத் தெருவும் பலகையும் வெவ்வேறு செய்தி சொல்லும். அப்போது ஓட்டுநர் பெரும்பாலும் தெருவுக்கே கீழ்ப்படிகிறார். டெல்ஃப்ட் பொறியாளர்கள் முதலில் கல்லை மாற்றினர், சட்டம் பின்னால் வந்தது; அந்த வரிசையே சரியானது. ஆம்ஸ்டர்டாமில் 2023 டிசம்பர் 8 அன்று பெரும்பாலான சாலைகளின் வரம்பு 50-இலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டபோது பலகைகளே முதலில் மாறின. சாலைகளைத் திருத்தி அமைக்கும் பணி படிப்படியாக நடைபெற வேண்டியதாக விடப்பட்டது.