கணினி நேரக் கொடை

கணினி நேரக் கொடை: வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கணக்கிடும் திறனை, அதன் உரிமையாளர் தாமே விரும்பி ஓர் ஆராய்ச்சிக்கோ அறப்பணிக்கோ இணையப் படைப்பாளிக்கோ அளிப்பது. 1990களின் நடுவில் தொடங்கிய இந்த வழக்கம் இன்று வானியல், மருத்துவம், கணிதம் எனப் பல துறைகளுக்கு உதவுகிறது.

அமைப்பு

திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு நகரமான ஆரணிக்கு இதன் அமைப்பு புதிதல்ல. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பாவும் பட்டு நூலும் சரிகையும் கொடுப்பார்கள். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே அதை விரித்துப் பார்த்துக் குறை இருக்கிறதா என்று சோதித்து வாங்கிக்கொள்வார்கள். கணினி நேரக் கொடையும் இப்படித்தான் நடக்கிறது. மைய சர்வர் ஒரு பெரும் கணக்கைச் சிறு துண்டுகளாக்கி வீடுகளுக்கு அனுப்புகிறது. வீட்டுக் கணினி ஓய்வு நேரத்தில் அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்புகிறது. ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்குக் கொடுத்து, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே அங்குள்ள சோதனை. நெசவாளருக்குக் கூலி உண்டு, கணினி தருபவருக்கு இல்லை என்பதே பெரிய வேறுபாடு.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. தறியின் மேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவிலிருந்து வந்தது. 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இந்தக் கருவியில், எந்தப் பாவு இழை மேலே எழவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கின்றன. சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு எந்திரத்துக்கு அதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். ஹெர்மன் ஹாலரித் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டு தொகுத்தார். அவருடைய நிறுவனமும் வேறு சிலவும் 1911இல் இணைந்தன. இணைந்த நிறுவனம் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 80 ஆண்டுகளுக்குப் பின், கணினி நேரக் கொடையின் பெரிய மேடைகளுள் ஒன்றை அமைத்தது அந்த ஐபிஎம்தான்.

வரலாறு

1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் திட்டம், மெர்சென் பகா எண்களை (2இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த பகா எண்களை) தேடத் தன்னார்வலர்களின் கணினிகளைச் சேர்த்தது. இது இன்றும் நடக்கிறது. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

பொதுமக்களிடம் இந்த எண்ணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது செட்டி அட் ஹோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே 17இல் தொடங்கிய இத்திட்டம், பூமிக்கு அப்பால் அறிவுள்ள உயிர்கள் உண்டா என்று அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் தேடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட சமிக்ஞை எதுவும் உறுதியாகவில்லை. 2020 மார்ச் 31இல் புதிய துண்டுகள் அனுப்புவது நின்றது. ஆனால் அங்கே பிறந்த பாயிங்க் என்ற பொது மென்பொருள் வேறு பல திட்டங்களுக்கு அடித்தளமானது.

ஐபிஎம் 2004 நவம்பரில் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டைத் தொடங்கியது. அதில் 2008இல் வந்த ஒரு திட்டம், பட்டுக்கு நிகராக அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணிக்கு நெருக்கமானது. ராம் சமுத்ராலா தலைமையில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, சத்துமிக்க, நல்ல விளைச்சல் தரும் நெல் ரகங்களுக்கு வழிகாட்ட, நெல்லின் புரதங்களுடைய வடிவங்களைக் கணக்கிட்டது. அதே மேடையில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 30 லட்சம் சேர்மங்களைச் சலித்து, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்கு எதிராக நம்பிக்கையூட்டும் 7 சேர்மங்களை 2014இல் அறிவித்தார்கள். இந்த மேடையை இப்போது கனடாவின் டொராண்டோவில் உள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது.

இந்த வரலாற்றின் உச்சம் 2020. புரதங்கள் மடியும் விதத்தை ஆராய ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே 2000இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், கொரோனா நுண்மியின் பக்கம் திரும்பியதும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கைகொடுத்தார்கள். அதன் கூட்டு வேகம் நொடிக்கு 1க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட கணக்கீடுகளைத் தாண்டியது. தனியொரு சூப்பர் கணினி அந்த வேகத்தை எட்டியதாக உலகத் தரவரிசையில் இடம்பெற்றது 2022இல்தான்.

காசாக மாறிய கொடை

கணக்கீட்டையே பணமாக்கும் கிளை 2017இல் பெரிதாகப் பரவியது. மொனேரோ போன்ற கிரிப்டோ நாணயங்களைத் தோண்ட, அதாவது கணக்குப் போட்டுப் புதிதாக ஈட்ட, கணினித் திறன் தேவை. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த காயின்ஹைவ் என்ற சேவை, இணையதளத்தைப் பார்ப்பவரின் பிரவுசரிலேயே மொனேரோ நாணயத்தைத் தோண்டி, வருவாயில் 70 விழுக்காட்டைத் தளத்தின் உரிமையாளருக்குக் கொடுத்தது. விளம்பரம் போடாமல் எழுத்தாளரும் படைப்பாளரும் வாழலாம் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் சலோன் இதழ், விளம்பரத்துக்குப் பதிலாகக் கணினித் திறனைத் தரும்படி வாசகர்களைக் கேட்டது. யுனிசெஃப் பிரான்ஸ், சிரியக் குழந்தைகளுக்காக வீடியோ கேம் ஆடுவோரின் கிராபிக்ஸ் கார்டுகளைக் கேட்டது. யுனிசெஃப் ஆஸ்திரேலியா, பக்கத்தைத் திறந்து வைத்தாலே நன்கொடை சேரும் தளத்தை அமைத்தது. எவ்வளவு திறன் தருவது என்பதை அங்கே கொடுப்பவரே முடிவு செய்ய முடிந்தது.

கேட்டுப் பெறவேண்டியதைக் கேட்காமல் எடுத்தவர்களால் இந்த முயற்சி கெட்டது. பிறர் தளங்களில் காயின்ஹைவ் நிரலைத் திருட்டுத்தனமாகச் செருகினார்கள். 2018 செப்டம்பரில் திருப்பதி மாநகராட்சி உள்ளிட்ட ஆந்திர அரசுத் தளங்களிலேயே அது இருந்ததைக் குவாஹாட்டி ஆய்வாளர்கள் கண்டார்கள். சான்றிதழோ வரி விவரமோ தேடி வந்தவரின் கணினியும் மின்சாரமும் அவருக்குத் தெரியாமலே சுரண்டப்பட்டன. மொனேரோவின் விலையும் வீழ, 2019 மார்ச் 8இல் காயின்ஹைவ் மூடப்பட்டது.

இன்று

அறிவியல் கிளை நிலைத்திருக்கிறது. அதில் ஒரு திட்டத்துக்குக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர்: இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தின் ராமானுஜன் எந்திரம், கணித மாறிலிகளுக்குப் புதிய சூத்திரங்களைப் பாயிங்க் வழியாகத் தேடியிருக்கிறது.

சேர நினைப்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருளை அத்திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். அலுவலக, கல்லூரிக் கணினி என்றால் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். முழுத் திறனில் ஓடும் கணினி சூடாகி அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், எத்தனை விழுக்காடு, எந்த நேரம் என்பதை பாயிங்க்கில் முன்பே குறித்துவிட வேண்டும்.