எலிமினேட்டரிலிருந்து ஹப் வரை

தொண்ணூறுகளில் திருநின்றவூரில் ஒரு ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே முதலில் என் கைக்கு வந்த வேலை பேட்டரி எலிமினேட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. டேப்ரெக்கார்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் செல் வாங்கிக் கட்டுப்படியாகாத வீடுகளில், கரண்டிலேயே அவற்றை ஓட்டுவதற்கான கறுப்பு டப்பா அது. உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். மேலே தள்ளும் சுவிட்ச் ஒன்றில் 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று வோல்ட் எழுதியிருக்கும். ஒயர் நுனியில் நாலைந்து அளவில் பின்கள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பிளஸ், மைனஸ் மாற்ற இன்னொரு சுவிட்ச்.

எந்த வோல்ட், எந்தப் பின், நடுவில் பிளஸா மைனஸா என்ற மூன்றையும் மனுஷன்தான் பார்த்து வைக்க வேண்டும். சர்ச்சுகளில் வாசிக்கும் காசியோ கீபோர்டு பலவற்றுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். மற்ற சாமான்களுக்குப் பெரும்பாலும் நடுவில் பிளஸ். மாற்றிச் செருகினால் ஒரு நொடியில் புகை வரும். போதாக்குறைக்கு அந்த டப்பாக்களில் ரெகுலேட்டர் கிடையாது. 12இல் வைத்து லோடு இல்லாமல் மீட்டரில் பிடித்தால் 16, 17 காட்டும். என் குரு லேபிளைப் படிக்காமல் எந்த ஒயரையும் எதிலும் செருக விடமாட்டார். அப்போது படிப்பதற்கு லேபிள் இருந்தது. இன்றைக்கு வரும் சிக்கல்களில் பாதி லேபிளில் இல்லாத சிக்கல்கள்.

செல்ஃபோன் வந்ததும் தொழில் மாறியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துப் பையன்களும் பெண்களும் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். கடைக்கு வந்தால் இரண்டே கேள்விதான்: குண்டு பின்னா, ஊசிப் பின்னா? முன்னது 3.5 மில்லிமீட்டர், பின்னது 2. ஃபோனைத் திறந்து பேட்டரியைச் சரிசெய்த நேரத்தைவிட, பின் வளைந்த சார்ஜருக்குப் புது ஒயர் போட்ட நேரம் அதிகம். 2009இல் ஐரோப்பாவில் பெரிய ஃபோன் கம்பெனிகள் மைக்ரோ யூஎஸ்பி என்ற ஒரே பின்னுக்கு ஒப்புக்கொண்டன. அந்த அலை இங்கேயும் வந்து குண்டும் ஊசியும் மெல்ல மறைந்தன. 2014 நவம்பரில் நோக்கியா தொழிற்சாலையே நின்றது. பிறகு அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப், பின்லாந்தில் வேர்விட்ட சார்ஜர் கம்பெனி. ஃபோன் செய்த இடத்தில் இப்போது சார்ஜர் செய்கிறார்கள்.

லேப்டாப் எங்கள் ஊருக்குள் கூட்டமாக நுழைந்த தேதியைச் சொல்ல முடியும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைக்கு ஜெயலலிதா எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தார். அடுத்த சில வருஷங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டிலெல்லாம் ஒன்று இருந்தது. கூடவே 2012இன் மின்வெட்டும் இருந்தது. கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டுமென்று, ஓலைக் கொட்டகையிலும் ஜன்னல் விளிம்பிலும் ஒயரை இழுத்துச் செருகி, கால் தடுக்கி, ஜாக்கை உடைத்துக்கொண்டு வருவார்கள். எனக்குக் கடை வைக்கும் தைரியம் வந்தது அந்த டிசி ஜாக்குகளால்தான். முழு மெஷினையும் பிரித்து, போர்டை வெளியே எடுத்து, பழைய ஜாக்கைச் சூடுபண்ணிக் கழற்றி, புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கான கூலியை யாரும் பேரம் பேசியதில்லை. வேலை கண்ணால் தெரிந்தது.

ஆனால் பின்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. ஒன்றுக்கு 18.5 வோல்ட், ஒன்றுக்கு 19, இன்னொன்றுக்கு 19.5, வேறொன்றுக்கு 20. சிலதில் பின் நடுவே தலைமுடி போல ஒரு ஊசி; அதன் வழியாக லேப்டாப் ‘நீ என் கம்பெனி சார்ஜரா, எத்தனை வாட்?’ என்று கேட்கும். அந்த ஊசி உடைந்தால் மெஷின் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாத கேஸை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மீட்டரில் 19.5 பளிச்சென்று நிற்கும், லேப்டாப் மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயிலேறிப் போய் அதே கம்பெனி அடாப்டர் வாங்கி வருவதைத் தவிர வழியில்லை.

யூஎஸ்பியின் கதை தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1996இல் அது வந்தபோது கொடுத்தது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். மவுசும் கீபோர்டும் ஓடுவதற்கு அது போதும். இன்டெலில் அதை உருவாக்கிய குழுவில் முன்னணியில் இருந்தவர் குஜராத்துக்காரரான அஜய் பட். யூஎஸ்பி ஒயரில் பவரையும் பேசி வாங்கலாம் என்ற பவர் டெலிவரி, சுருக்கமாக பிடி, 2012இல் வந்தது. 2014 ஆகஸ்டில் டைப்-சி பின். 24 தொடுமுனைகள், எந்தப் பக்கமும் செருகலாம், 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் வரை, 100 வாட். 2021இல் அதை 240 ஆக்கினார்கள். 2015இல் ஆப்பிள் ஒரே ஒரு டைப்-சி ஓட்டையுடன் மேக்புக்கை விட்டது. சார்ஜ் போட்டால் பென் டிரைவ் செருக முடியாது. டைப்-சி ஹப் என்ற சாமானுக்குச் சந்தை பிறந்தது அப்படித்தான். மெலிசாக வேண்டும் என்று ஓட்டைகளை அடைத்துவிட்டு, அதே ஓட்டைகளைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்து விற்றார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆரம்பத்தில் கேபிள்களே பெரிய ஆபத்தாக இருந்தன. கூகுள் இன்ஜினியர் பென்சன் லியங் இணையத்தில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016 பிப்ரவரியில், உள்ளே ஒயர் மாற்றி இணைத்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே கெடுத்தது. எலிமினேட்டர் காலத்தில் பிளஸ், மைனஸை மாற்றியது நம் கை. இப்போது மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

ஹப் என் மேசைக்கு வந்தது கொரோனாவுக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளோடு. “அண்ணா, ஹப்ல போட்டா சார்ஜ் ஏறமாட்டேங்குது, ஹெச்டிஎம்ஐ மட்டும் வேலை செய்யுது.” நான் திரும்பக் கேட்கும் முதல் கேள்வி: “சார்ஜரை நேரா லேப்டாப்ல போட்டா ஏறுதாம்மா?” ஏறினால் மெஷின் பிழைத்தது. அடுத்து ஹப்பில் எந்த ஓட்டையில் செருகுகிறார்கள் என்று பார்ப்பேன். டைப்-சி ஓட்டை இரண்டு இருந்தால் பெரும்பாலும் பிடி என்று எழுதியதுதான் சார்ஜ் வாங்கும், மற்றது டேட்டாவுக்கு. சில லேப்டாப்களில் ஒரு பக்கத்து டைப்-சி மட்டும்தான் சார்ஜ் எடுக்கும்.

பிறகு டெஸ்டர். கட்டைவிரல் அளவு மீட்டர், கேபிளுக்கு நடுவில் செருகலாம். சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். தன்னிடம் 9 இருக்கிறது, 15 இருக்கிறது, 20 இருக்கிறது என்று பட்டியல் அனுப்பும். லேப்டாப் ஒன்றைக் கேட்கும், சார்ஜர் ஏற்றிக் கொடுக்கும். டெஸ்டரில் 20 வந்தால் பேச்சு முடிந்தது. 5இலேயே நின்றால் நடுவில் எங்கோ முறிந்திருக்கிறது. நடுவில் இருக்கும் ஹப் கமிஷன் ஏஜென்ட் மாதிரி. சார்ஜரின் பட்டியலை வாங்கி, தனக்கென்று பத்துப் பதினைந்து வாட் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். 65 வாட் சார்ஜர் ஐம்பதாகப் போய்ச் சேரும். ஜூம் மீட்டிங்கும் இரண்டாவது ஸ்கிரீனும் சேர்ந்து ஓடும்போது அந்த ஐம்பதும் தீர்ந்து, செருகியிருந்தும் பேட்டரி இறங்கும்.

80 வாட் என்று போட்ட ஃபோன் சார்ஜரைக் கொண்டுவந்து சண்டை போடுபவர்களும் உண்டு. அந்த 80 பெரும்பாலும் அதே கம்பெனி ஃபோனுக்கும் அதே கேபிளுக்கும் மட்டும். லேப்டாப் கேட்கும் 20 வோல்ட் அதில் பல நேரம் இருக்காது. கேபிளும் அப்படித்தான். தலையில் சிப் இல்லாத கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்று சார்ஜர் எடுத்துக்கொள்ளும். 100 வாட் சார்ஜரும் 60இல் நின்றுவிடும். பின்னைத் திருப்பிச் செருகினால் ஏறுகிறது, நேராகச் செருகினால் ஏறவில்லை என்றால், பேச்சு நடக்கும் இரண்டு தொடுமுனைகளில் ஒன்று அழுக்கேறியோ உடைந்தோ இருக்கிறது. ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷில் பல கேஸ் தீர்ந்துவிடும்.

கூலிதான் சங்கடம். டிசி ஜாக் மாற்றியபோது பழைய ஜாக்கைக் கையில் கொடுத்துக் காசு வாங்கினேன். இப்போது டெஸ்டரைச் செருகி, ‘இந்தச் சார்ஜர் பத்தாதும்மா’ என்று சொல்ல எத்தனை ரூபாய் கேட்பது? “ஒண்ணுமே பண்ணலையேண்ணா” என்கிறார்கள், நியாயமாகத்தான். இதற்கிடையில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கு ஐஎஸ் எண் கொடுத்து 2023 தொடக்கத்தில் அறிவித்தது. ஐரோப்பாவில் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்பும் டைப்-சியில் சார்ஜ் ஏற வேண்டும் என்று சட்டம். ஜாக் வேலை இனிக் குறையத்தான் செய்யும். அதனால் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள்களை வாங்கி, ஒவ்வொன்றையும் டெஸ்டரில் பார்த்து, கடையில் தொங்கவிட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்வது இலவசம், கேபிளில் லாபம் என்று கணக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதைவிட விலை குறைவு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், அங்கே வாங்கிய கேபிளோடு திரும்ப வருவதும் உண்டு. அதையும் டெஸ்டரில் போட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன்.