கொங்கு மலைகளில் பழங்குடியினருக்கான வழக்குரைஞர்: ஒரு பயிற்சியின் வரலாறு

பழங்குடியினருக்காக வாதாடும் வழக்குரைஞரைக் கொங்கு நாட்டில் உருவாக்கியது எந்தப் பாடத்திட்டமும் அன்று. அடுத்தடுத்து வந்த வழக்குகளும் விசாரணைக் குழுக்களும் மனுக்களும்தான் அந்தப் பயிற்சியைத் தந்தன. சட்டக் கல்லூரி பின்னர்தான் வந்து சேர்ந்தது; அதுவும் முழுமையாக இல்லை.

பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணையும் உண்டு, காடு கிடையாது. எனினும் பல்லடம் அடங்கிய, 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்களுக்குள் தளிஞ்சி, கோடந்தூர், குருமலை, குழிப்பட்டி முதலிய மலைக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கு முதுவரும் புலையரும் வாழ்கின்றனர். மேற்கே வால்பாறைப் பக்கம் காடரும் மலசரும், கோவை மலையடிவாரப் பதிகளில் இருளரும், வடக்கே சத்தியமங்கலம் காடுகளில் சோளகரும் ஊராளிகளும், பர்கூர் மலையில் மலையாளிகளும் வாழ்கின்றனர். இவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவை நிலம், காவல்துறை, சாதிச் சான்று என்ற மூன்றில் அடங்கிவிடும்.

நிலச் சிக்கலின் வேர் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வன நிர்ணய அலுவலர் அறிவிப்பு வெளியிட்டு, மூன்று மாதத்துக்குக் குறையாத கெடு தந்து, உரிமை கோருவோரை விசாரிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். ஏட்டளவில் நியாயமான ஏற்பாடுதான். எழுத்தறியாத, இடம் மாறிப் பயிர்செய்து வந்த மக்களுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அன்று ஆளில்லை. கோராத உரிமை இல்லாத உரிமையானது. சட்டம் படித்தவர்களோ அன்று சென்னையில் படித்து, ஜமீன் வழக்குகளிலும் பாகப்பிரிவினையிலும் தொழில் நடத்தினர். 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரிக்குப் பிறகு மதுரையில் அரசு சட்டக் கல்லூரி வரவே 1974 ஆயிற்று. கோவையில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

விடுதலைக்குப் பின்னும் சட்ட அமைப்பு இம்மலைகளுக்குப் பெரிதாக உதவவில்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படவில்லை. அதனால் அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கு பொருந்தாது. ஆந்திரத்திலோ ஜார்க்கண்டிலோ பழங்குடி வழக்கு நடத்துபவர் கையில் எடுக்கும் முதல் கருவியே இங்குள்ளவருக்குக் கிடையாது. எஞ்சியிருந்தது குற்றவியல் சட்டம். அதில்தான் முதல் தலைமுறை பயின்றது.

1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. ஊரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விவகாரத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கை திருப்புமுனையானது. சென்னை உயர் நீதிமன்றம் 1995இல் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

சட்டம் பயில்பவர் இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது தீர்ப்பைவிட அது நின்ற சான்றைத்தான். முதல் தகவல் அறிக்கையோ உடனடி மருத்துவச் சான்றோ பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் இல்லை. மாறாக அவர்களே சந்தனக் கடத்தல் வழக்கில் சிறை வைக்கப்பட்டிருந்தனர். அடையாள அணிவகுப்பில் அப்பெண்கள் நேருக்கு நேர் சுட்டிக்காட்டியதும், பல ஆண்டுகள் தள்ளி நடந்த குறுக்கு விசாரணையில் அவர்கள் சொல் பிறழாததுமே வழக்கைத் தாங்கின. சீருடையணிந்தவர்கள் எதிரில் நிற்கையில் சாட்சியைக் கலங்காமல் பேசவைப்பது எந்தப் பருவத் தேர்விலும் வராத பாடம். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர்; தீர்ப்புக்கு முன் 54 பேர் இறந்துவிட்டனர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில், நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே சென்று பார்வையிட்ட பின், 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

அதே காலத்தில் சத்தியமங்கலம் பக்கம் வேறொரு பள்ளி நடந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் தமிழக, கர்நாடக அதிரடிப்படைகள் மலைக் கிராமங்களில் நடத்திய சித்திரவதைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. வாக்குமூலம் தர அஞ்சிய மக்களைத் தொட்டி (சோளகர் குடியிருப்பு) தொட்டியாகத் தேடிச்சென்று பேசவைத்தவர்களில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினர் முக்கியமானவர்கள். அவர்களுள் ஒருவரான பவானி வழக்குரைஞர் ச. பாலமுருகன், அந்த அனுபவத்திலிருந்து 2004இல் ‘சோளகர் தொட்டி’ நாவலை எழுதினார். வழக்குக் கட்டுக்குள் அடங்காததை நாவலில் சொல்ல நேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. 2007இல் ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கச் சொன்னது. பணம் வந்தது; அதிரடிப்படையினர் மீது வாச்சாத்தி போன்ற தண்டனை எதுவும் வரவில்லை.

மூன்றாம் கட்டம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தோடு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அது பிந்தியே நடைமுறைக்கு வந்தது. உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே வேகம் பெற்றது.

வழக்குரைஞரின் வேலையையே இச்சட்டம் மாற்றிவிட்டது. கோரிக்கை நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. கிராம சபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. அக்குழு இடத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறது. சபையின் தீர்மானம் உட்கோட்டக் குழுவுக்கும், பின் மாவட்டக் குழுவுக்கும் போகிறது. நிராகரிப்பை எதிர்த்து முறையிட 60 நாள். விதி 13 சான்றாக ஏற்பவற்றின் பட்டியல் கவனத்துக்குரியது: குடிசை, கிணறு, இடுகாடு, கும்பிடும் இடம், வம்சாவளி, எழுதி வாங்கிய மூத்தவர் வாக்குமூலம். 1882இல் காகிதம் இல்லாததால் போன உரிமையை, காகிதம் இல்லாமலே மீட்க வழி தருகிறது இவ்விதி. எனவே ஒரு கோப்பைத் தயாரிப்பவர் பாட்டன் புதைந்த இடத்துக்கு நடந்து போய் அடையாளம் குறித்து, கோரிக்கையாளர் அல்லாத ஒரு முதியவரைப் பேசவைத்து, அதைத் தேதி, கைநாட்டோடு எழுதி முடிக்க வேண்டும். வக்காலத்து போடத் தெரிவதைவிட இது கடினம். ஆனைமலையில் கல்லார்குடிக் காடர்கள் 2019 ஆகஸ்ட் மண்சரிவுக்குப் பின் தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டு, வனத்துறை மறுப்பையும் மீறி, 2021இல் உரிமை பெற்றது இச்சட்டத்தின் வழியேதான். அங்கு முன்னின்று வாதாடியவர்கள் அம்மக்களே.

மூன்றாவது சிக்கலான சாதிச் சான்று, இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பழங்குடி இளைஞரையே முதலில் தடுத்து நிறுத்துகிறது. பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியரே தர வேண்டும். 1990 முதல் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குத் தனியாக 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு; சான்று இன்றி அந்த இடத்தில் சேர முடியாது. மேலும், பட்டியல் மாவட்ட எல்லையைப் பார்த்து எழுதப்பட்டது. மலையாளிகள் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினர். 1979இல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலையாளிகளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஜவ்வாது மலையின் மலையாளிப் பெண் ஸ்ரீபதி 2024இல், 23 வயதில், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதைத் தமிழகமே கொண்டாடியது. அதே சமூகத்தில் பர்கூரில் பிறந்தவர் பழங்குடியினருக்கான இடத்தில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கவே முடியாது. உடுமலைக் காட்டிலும் இதே கதை: முதுவர் பழங்குடியினர், அருகில் வாழும் புலையர் பட்டியல் சாதியினர். விளைவு நிலத்திலும் தெரிகிறது. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர் ‘இதர பாரம்பரிய வனவாசி’ என்றே கோர முடியும். 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்.

பிற நாடுகள் இப்பயிற்சியை நிறுவனமாக்கின. ஆஸ்திரேலியாவில் 1970இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடியினர் சட்ட உதவி மையம் தோன்றியது. 1976இல் பாட் ஓஷேன் அந்நாட்டின் முதல் பழங்குடி பாரிஸ்டரானார். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 1973 முதல், சட்டக் கல்லூரியில் சேரவிருக்கும் பழங்குடி மாணவருக்குக் கோடைக்கால முன்பயிற்சி தந்தது.

இங்கு அதற்கு நெருங்கி வருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஏற்பாடுதான். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பழங்குடியினருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்குரைஞர் உண்டு. சட்டப் பட்டம் இல்லாத உள்ளூர் இளைஞரும் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெறலாம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, ஜாமீன் மனு உட்படப் பல கட்டங்களில் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்கிறது. ஆகவே பல்லடத்திலோ உடுமலையிலோ இருந்து கோவைக்குப் போய்ச் சட்டம் படிக்கும் ஒருவர் இப்பணிக்கு ஆயத்தமாக வேண்டுமானால், இந்த இரண்டு சட்டங்களோடு வன உரிமை விதிகளையும் சான்று வழங்கும் அரசாணைகளையும் தாமாகவே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. களப்பயிற்சி இன்றும் சங்கங்களிடமும் மூத்த வழக்குரைஞர் ஒருவரின் அலுவலகத்திலும்தான் கிடைக்கிறது.